அப்பா வளர்த்த சிவிங்கிப்புலியும் எங்கள் பாறைப் புலியும்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கு என் ஸ்தோத்திரம்.

ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து நம் நாட்டுக் காட்டில் விட்டதை டிவியில் காட்டினார்களே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூண்டுக் கதவைத் திறந்ததும் ஒன்று வெளியே வந்து, புல்லை மோந்து, தலையைத் தூக்கிப் பார்த்தது. அழுத கண்ணீர் வழிந்த இடத்திலேயே காய்ந்துபோனதுபோல் அதன் கண்ணிலிருந்து வாய்வரைக்கும் கறுப்பாய்க் கோடு. நான் பக்கத்தில் இருந்த மருமகளிடம், "இது உறங்கும்போது விடுற சத்தம் எனக்குத் தெரியும்" என்றேன். அவள் அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமி, மாத்திரை போட்டியளா?" என்று கேட்டாள்.

சரி, அவளை விடுங்கள். உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா கல்ஃபில் இருந்தார். அருமனைப் பக்கத்தில் அன்று வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில்தான். ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் கொத்தனார், ஒருத்தர் ஹோட்டலில் சப்ளையர். எங்கள் அப்பாவுக்கு மட்டும் வேறு மாதிரி வேலை. அந்த நாட்டு முதலாளி ஒருவர் ஆசைக்கு ஒரு சிவிங்கிப்புலி வளர்த்தார். அதற்கு இறைச்சி வெட்டிப் போடுவது, கூட்டைக் கழுவுவது, சங்கிலி போட்டு முற்றத்தில் நடத்துவது, இதுதான் அப்பாவின் வேலை. சிவிங்கி என்கிற பேரெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. நீளக்கால் புலி என்றுதான் அப்பா சொல்வார். ஊர்க்காரர்களுக்கு அது புலியாகவும் இல்லை, பூச்சையாகிவிட்டது. பூச்சை என்றால் எங்கள் பக்கத்தில் பூனை. அம்மா தண்ணீர் எடுக்கப் போனால், "பூச்சக்காரனுக்க பெண்டாட்டி வாறா, வழி விடுங்க" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் பின்னாலேயே யாராவது "மியாவ்" என்பார்கள். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சபையில் பெரிய மனுஷர், ரப்பர்த் தோட்டக்காரர். அவருக்கு இது பெரிய குறைச்சல். யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், "அரமணையில ஜோலி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

அப்பா கடிதம் அதிகம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தாலே சென்ட்டும் சோப்பும் புதுத்துணியும் கலந்து ஒரு வாசனை வருமே, அந்த வாசனை கேசட்டிலும் இருக்கும். கேட்பதற்குமுன் நான் அதை மோந்து பார்ப்பேன். டேப்ரிக்கார்டரும் அப்பா கொடுத்துவிட்டதுதான். சிவப்பு நிறம், வெள்ளைப் பொத்தான்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுப்பாள். பாட்டரிக் கட்டை தீர்ந்துவிடும் என்று வாரத்துக்கு ஒரே தடவைதான்.

அந்த வருஷம் வந்த கேசட்டில்தான் அதன் சத்தம் இருந்தது.

"கேட்டியா பிள்ளே, இப்பம் இவ எனக்க மடியில தலைய வச்சுக் கிடக்கா. அனங்காம இருந்து கேளுங்க" என்று அப்பா சொல்வார். கொஞ்சநேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு சத்தம். பக்கத்து ஊரில் நெல் குத்துகிற மில் ஓடினால் நம் வீட்டுத் தரையில் ஒரு அதிர்வு கேட்குமே, அந்த மாதிரி. உள்ளே போகும் மூச்சுக்கு ஒரு சத்தம், வெளியே வரும் மூச்சுக்கு ஒரு சத்தம். இடையில் அப்பா மெதுவாக, "மோளே, மோளே" என்பார். எனக்கு நெஞ்சு எரியும். மோளே என்பது மகளே என்று என்னை விளிக்கிற விளி அல்லவா? அந்தப் புலிமேல் எனக்கு இருந்த பொறாமையைக் கர்த்தர் ஒருவரே அறிவார்.

பிறகு அப்பா சொல்வார்: "இவ கர்ஜிக்கியது கிடையாது. பசிச்சா குருவி மாதிரி கீச்சு கீச்சுன்னு விளிப்பா. இவளுக்க தள்ளைய எங்கயோ ஆப்பிரிக்காவுல கொன்னு போட்டுத்தான் குட்டியள பிடிச்சானுவளாம். படகுல வரும்போ கூடப்பிறந்தது எல்லாம் செத்துப்போச்சு. இவ ஒருத்திதான் மிச்சம். சில நேரம் வயிறு நெறைய தின்னுட்டும் செவருக்கிட்ட போய் நின்னு விளிப்பா. அது பசிக்க விளி இல்ல பிள்ளே. தள்ளைய தேடுகா."

தள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் தாய். இந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைப்பாள்.

இனி ஆட்டின் கதை. அதற்கு முந்தைய வருஷம் அப்பா அங்கே காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று செய்தி வந்தது. அம்மா ஆலயத்தில் முழங்காலில் நின்று, அவர் எழுந்து நடந்தால் வீட்டில் பிறக்கிற முதல் கிடாயை அறுப்பின் பண்டிகைக்குத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அறுப்பின் பண்டிகை என்றால் உங்களில் சபைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவரவர் நிலத்திலும் வீட்டிலும் விளைந்ததில் முதலானதைப் பீடத்துக்கு முன் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய்க்கு வீம்பில் ஒரு மூட்டை நெல்லை விலையாக வைத்துக் கேட்டவர்கள் உண்டு. ஏலத்தில் எடுத்தது எடுத்தவருக்கு. அதில் அப்பீல் கிடையாது. அப்பா பிழைத்தார். கிடாய்க்குட்டியும் பிறந்தது. அதன் காதில் சிவப்பு நூல் கட்டி அம்மா வளர்த்தாள். பலாவிலை என்றால் உயிர். என் பாவாடை நுனியையும் தின்னும்.

பண்டிகைக்குக் கொஞ்சநாளே இருந்தது. மழை ஓய்ந்து ரப்பர் மரங்களில் மறுபடி வெட்டு தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் பால்வெட்டுக்கார மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள் அல்லவா, அவரும் அப்படிப் போனவர்தான். அம்மாவைப் பார்த்ததும் கத்தினார்:

"மைனி! உங்க ஆடு பாறைக்கடியில கிடக்கு. பாதி இல்ல!"

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பாறை. அதற்கு அப்பால் காடும் மலையும். பாறையின் அடியில் எங்கள் கிடாய் கிடந்தது. காதில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நான் அலறினேன். அம்மா அழவில்லை. முகம் வெளிறி, "நேர்ச்சை ஆடாச்சே. அவருக்கு அங்க ஒண்ணும் வந்திரக்கூடாதே கர்த்தாவே" என்று முனகிக்கொண்டே நின்றாள்.

அரைமணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. பாறைப் பக்கம் ஒரு புலி நடமாடுகிறது என்று சில நாளாகவே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டு நாயைக் காணோம்; இன்னொருவர் வீட்டுக் கோழிக்கூடு உடைந்துகிடந்தது. பெரியப்பா வந்தார். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையில் வாழைக்கு வைக்கிற குருணை மருந்து, நல்ல விஷம்.

"தின்ன எடத்துக்கு அது திரும்ப வரும். சாயங்காலத்துக்குள்ள இத ஆட்டுக்க வயித்துல கிழிச்சு வைக்கணும். நாளைக்கு ஆராதனைக்கு வரும்போ சவம் மலந்து கிடக்கும்" என்றார்.

"அத்தான், கொஞ்சம் பொறுங்க" என்றாள் அம்மா.

"என்னத்துக்குப் பொறுக்கது பிள்ளே? கர்த்தருக்கு நேர்ந்த ஆட்ட தின்ன சாத்தான் அது. இன்னைக்கு ஆடு, நாளைக்கு உனக்க மக."

என்னைக் காட்டித்தான் சொன்னார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பாவைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தம்பி கடல் தாண்டிக் கிடக்க, அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பயம் அவருக்கு. இப்போது புரிகிறது.

பால்வெட்டுக்கார மாமா மெல்ல வாயைத் திறந்தார். "அதுக்க கூட குட்டி உண்டு. முந்தாநாள் பாறைக்க மேல கண்டேன். ரெண்டு. பூச்சக்குட்டி மாதிரி உருண்டு உருண்டு களிச்சிட்டு கெடந்துது."

"அப்பம் மூணு சவம்" என்றார் பெரியப்பா.

அம்மா வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் சிவப்பு டேப்ரிக்கார்டர். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, சனிக்கிழமை. எனக்கே அதிர்ச்சி.

"எல்லாரும் எனக்க வீட்டுக்காரர பூச்சக்காரன்னு சொல்லுதிய. அந்தப் பூச்ச என்னதுன்னு ஒருதடவ கேட்டுட்டு மருந்து வையுங்க" என்று சொல்லி, பாறைக்கடியிலேயே ஒரு கல்லில் அதை வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

அப்பாவின் குரல் வந்தது. பிறகு அந்த மூச்சு. ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தார்கள். "மோளே" என்று அப்பா கொஞ்சியதும் ஒருவர் சிரித்துவிட்டார். "இது பூச்சயேதான் ஓய்! எனக்க வீட்டு அடுப்புக்கிட்ட கெடக்கியதுக்க அதே சத்தம்!" என்றார். "உனக்க குறட்டையும் இதே சத்தந்தான்" என்றாள் அவர் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

தள்ளையைக் கொன்றுபோட்டுக் குட்டியைப் பிடித்தார்கள் என்கிற இடம் வந்தது. அங்கேதான் பாட்டரி இழுத்தது. அப்பாவின் குரல் தடித்து, குழைந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலாகி, "தள்...ளை...ய..." என்று நின்றுவிட்டது. அம்மா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.  "முடிஞ்சுதா? இனி ஜோலியப் பாக்கலாமா?" என்று பெரியப்பா சிரட்டையைத் தூக்கினார்.

"நில்லும்" என்றார் பால்வெட்டுக்கார மாமா.

தலையில் கட்டியிருந்த டார்ச்சை அவிழ்த்து, அதிலிருந்த பாட்டரிக் கட்டைகளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் புலிக்கு அதிகம் பயப்பட வேண்டியவர் அவர்தான். இருட்டில் தனியாகத் தோட்டத்துக்குப் போகிறவர். அந்த வெளிச்சம்தான் அவருக்குக் காவல்.

"மீதியக் கேக்கணும் மைனி. அது எதுக்கு விளிக்கின்னு சொல்ல வந்தாரே" என்றார்.

மறுபடி ஓடியது. அது பசிக்க விளி இல்ல பிள்ளே, தள்ளைய தேடுகா. கூடவே, கேசட்டின் கடைசியில், குருவி கத்துவதுபோல் அந்தப் புலியின் விளி. ரப்பர் தோட்டமே கேட்டுக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. பெண்கள் எல்லாரும் பாறையை நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே எங்கேயோ இரண்டு குட்டி இருக்கிறது அல்லவா!

உபதேசியார் வந்து சேர்ந்தது அப்போதுதான். எங்கள் சபைக்கு ஐயர், அதாவது போதகர், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எல்லாம். அவரிடம் பெரியப்பா, "நேர்ச்சை ஆடு சபைக்குள்ளது. சபை தீர்மானிக்கணும், இவ இல்ல" என்றார். உபதேசியார் தாடையைத் தடவினார். "படைக்காத ஆடு. சபைக்குன்னும் சொல்லமுடியாது, வீட்டுக்குன்னும் சொல்லமுடியாது" என்றார்.

"அப்பம் இஞ்சவச்சே படைக்கேன் உபதேசியாரே. இப்பமே ஏலம் விடுங்க. எடுக்கியவங்க மருந்து வைக்கட்டும், இல்ல சும்மா விடட்டும்" என்றாள் அம்மா.

"பாதி தின்ன ஆட்டையா?"

"நேர்ச்சை ஏலத்துல போகணும். முழுசாத்தான் போகணும்னு நான் நேரல்ல."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு பண்டிகைக் குரலில், "ஆடு ஒண்ணு! முன்பாதி மட்டும்! கேளுங்க!" என்றார்.

"ஒரு குலை மட்டிப்பழம்" என்று தொடங்கினார் பெரியப்பா.

"முட்டையிடுற கோழி" என்றாள் அம்மா.

"குலையும், ஒரு கெட்டு ரப்பர் ஷீட்டும்."

"கோழியும், எனக்க பித்தளைக் குடமும்."

"ஷீட்டு ரெண்டு கெட்டு!"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். பிறகு குனிந்து டேப்ரிக்கார்டரைத் தூக்கினாள். "இது" என்றாள்.   இது போனால் அப்பாவின் குரலை எதில் கேட்பது?

"அத கீழ வையுங்க மைனி" என்றார் பால்வெட்டுக்கார மாமா. "உபதேசியாரே, மைனிக்க கேள்வியில என்னையும் சேத்துக்கிடும். எனக்க பலாவுல இந்த வருசம் காய்க்கியது அம்புட்டும்."

"எனக்க பத்து மூடு மரச்சீனிக் கெழங்கு!" என்றாள் கூட்டத்திலிருந்து ஒருத்தி. முந்தினநாள்கூட அம்மாவைப் பூச்சக்காரி என்றவள் அவள்தான்.

"எனக்க தேங்காயும் சேரும்!"

"நல்லமிளகு ஒரு படி!"

"நான் ஒரு பாய் முடைஞ்சு தாறேன்!"

குறட்டைக்குக் கேலி வாங்கினவர் எழுந்து, "எனக்க பூச்சக்குட்டிய ஏலத்துல சேக்கலாமா ஓய்?" என்று கேட்டார். மறுபடி சிரிப்பு. ஒரு ஆட்டின் பாதிக்கு ஊரே சேர்ந்து கேட்ட ஏலம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

"ஒருதரம்!" என்றார் உபதேசியார். "ரெண்டுதரம்!"

எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் நினைத்திருந்தால் தோட்டத்தையே வைத்துக் கேட்டிருக்கலாம். சிரட்டையைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த தம்பியின் குரலைப் பார்த்தார்.

"மூணாந்தரத்த சொல்லும் ஓய். எதுக்கு வாயப் பாத்துட்டு நிக்கீரு?" என்றார்.

"மூணுதரம்!"

அந்தக் கூச்சல் அருமனைச் சந்தைவரை கேட்டிருக்கும். அம்மா அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டாள். நேர்ச்சை முடிந்தது. புலியும் பிழைத்தது.

ஆனால் பயம் போய்விடவில்லை, போகவும் கூடாது. அன்று மத்தியானமே ஊரில் கம்பு வெட்டுகிற சத்தம். திறந்துபோட்ட தொழுவத்துக்கெல்லாம் நெருக்கமாய் அழி அடித்துக் கதவு வைத்தார்கள். முதலில் வைத்தது பெரியப்பா. பால்வெட்டுக்காரர்கள் தனியாகப் போகாமல் இரண்டிரண்டு பேராய்ப் பேசிக்கொண்டே போனார்கள். சாயங்காலம் தோட்டத்து வழியில் பெரியப்பா கம்போடு நின்றார். வேறு யாராவது திருட்டுத்தனமாக மருந்து வைத்துவிடக்கூடாதே என்றுதான். "ஏலத்துல போன சாமான். எவனாவது கைய வச்சியளோ, சபையில நிறுத்திப்போடுவேன்" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டினார். புலி வந்து தின்றது. மறுநாள் எலும்பும் சிவப்பு நூலும்தான் மிச்சம்.

அப்பா லீவில் வந்தபோது இதையெல்லாம் கேட்டு வாய்விட்டு அழுதார். நாங்கள் பெருமையாக, "உங்க மோளுதான் இத செஞ்சா" என்றோம். அவர் அதில் பெருமைப்படவில்லை. "எனக்க மடியில கெடந்து உறங்குவா, சரிதான். உலகத்துலயே அவள மாதிரி ஓடுற மிருகம் வேற கிடையாதாம். நான் ஒருநாளும் அவ ஓடிப் பாத்தது இல்ல. முற்றம் அம்புட்டுதான் இருந்துது" என்றார். மடியில் கிடந்ததை அன்பு என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அன்புதான். ஆனால் போக்கிடம் இல்லாததும் அதில் இருந்தது. இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. அப்பாவின் அந்த நீளக்கால் புலி முதுமையில் கண் மூடியது என்று பிறகு செய்தி வந்தது. கேசட்டில் பூஞ்சை பிடித்தது; டேப்ரிக்கார்டர் பழைய சாமான்காரரிடம் போனது. டிவியில் கூண்டு திறந்த அன்று, அந்தப் புலி புல்லில் கால் வைத்த அன்று, நான் ஏன் கைதட்டினேன் என்று என் மருமகளுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பகுதியில் அதற்குப்பின் யாரும் புலிக்கு மருந்து வைத்ததாக நான் கேட்டதில்லை. வனத்துறையிலிருந்து வருகிற பையன்கள், "இஞ்ச ஆளுகளுக்கு எப்பிடி அம்மா இவ்வளவு பொறுமை?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர்களுக்கும் இதே கதையைத்தான் சொல்கிறேன், சாயா ஆறும்வரை.

அந்த வருஷத்துப் பண்டிகைக் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கோழி, குடம், தேங்காய், மரச்சீனி, மிளகு என்று ஏலத்துக்குக் கேட்டதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு, பாடிக்கொண்டே, தோட்டத்து வழியாக ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன பெரியப்பா சட்டென்று கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. பாறையின் உச்சியில், இளம்வெயிலில், தள்ளைப்புலி நின்றது. அதன் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு இரண்டு குட்டிகள். எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் இறங்கியது. ஒருவரும் கல்லுக்குக் குனியவில்லை. என் தலையிலிருந்த கோழிகூடக் கத்தவில்லை.

பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்து, இதுவரை ஒரு பண்டிகையிலும் கேட்டிராத குரலில் சொன்னார்:

"பாத்துக்கிடுங்க மக்கா. நாம ஏலத்துல எடுத்த ஆடு, அன்னா நடந்து போவுது!"